நேர்காணலுக்குக் கிளம்புறீங்களா? ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்க் ஷீட் கையில் இருக்கிறது. டிகிரியும் முடித்தாச்சு. ஆனால் "நேர்காணலுக்கு வாங்க" என்று போன் வந்த உடனே பலருக்கும் வயிற்றில் ஒரு கலக்கம். என்ன கேட்பாங்க? இங்கிலீஷ்ல கேட்டா என்ன பண்றது? வீட்டில் இதற்கு முன்னால் யாரும் ஆபீஸ் வேலைக்கு நேர்காணல் போனதில்லையே, யாரிடம் கேட்பது?

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இந்தக் கேள்வி அதிகம் உண்டு. மில், விசைத்தறி, பேண்டேஜ் துணி, பட்டாசு, அச்சுத் தொழில் என்று உழைத்த குடும்பங்களில் இருந்து முதல் பட்டதாரிகள் வந்துகொண்டிருக்கிற பகுதி இது. படிப்புக்கு வழிகாட்டப் பள்ளியும் கல்லூரியும் இருந்தன. நேர்காணல் அறைக்குள் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் குறைவு. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்தக் கட்டுரை. செல்போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும் நண்பருக்கும் அனுப்புங்கள்.

எந்த வேலைக்கு நேர்காணல் உண்டு? எதற்கு இல்லை?

தயாரிப்புக்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஏனென்றால் "நேர்காணலில் ஆளைப் பிடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவர்கள் இந்தத் தெளிவின்மையில்தான் பிழைக்கிறார்கள்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு நேர்காணல் கிடையாது. எழுத்துத் தேர்வு, தரவரிசை, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். மத்திய அரசிலும் கெசட்டட் அல்லாத குரூப் பி, குரூப் சி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் நீக்கப்பட்டுவிட்டது. ஆக, இந்தப் பணிகளுக்கு "இன்டர்வியூவில் மார்க் போடச் சொல்கிறேன்" என்று யாராவது வந்தால், இல்லாத ஒன்றை விற்கிறார் என்று அர்த்தம்.

நேர்காணல் உள்ள இடங்கள்: டிஎன்பிஎஸ்சி குரூப் 1, யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் ஆளுமைத் தேர்வு, கூட்டுறவுத் துறையின் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் நடத்தியுள்ள ரேஷன் கடை விற்பனையாளர், கட்டுநர் தேர்வு, அரசுத் திட்டங்களில் ஒப்பந்த அடிப்படையில் நிரப்பப்படும் சில இடங்கள். அரசுப் பணி என்றால் அறிவிப்பை வரிவிடாமல் படியுங்கள். தேர்வு முறை என்ன, நேர்காணல் உண்டா, அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தனியார் துறையில் அநேகமாக எல்லா வேலைக்கும் நேர்காணல் உண்டு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

வாய்ப்பை எங்கே தேடுவது?

முதல் இடம், அரசு நடத்தும் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையதளம். கட்டணம் எதுவும் இல்லை. போனிலேயே பதிவு செய்து, கல்வித் தகுதி, ஊர், எதிர்பார்க்கும் வேலை ஆகியவற்றைக் குறிப்பிட்டால் பொருத்தமான காலியிடங்களைப் பார்க்கலாம். உள்ளே போகும் முன் இணைய முகவரி "டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்" என்று முடிகிறதா என ஒரு முறை பாருங்கள்.

இரண்டாவது இடம், விருதுநகரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். இங்கே பதிவு செய்வது மட்டும் வேலை இல்லை. தனியார் நிறுவனங்களை வரவழைத்து வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்துவார்கள். போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தரும் தன்னார்வப் பயிலும் வட்டமும் உண்டு. முகாம் தேதியை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலோ மையத்திலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்காதீர்கள். இதையும் போனிலேயே செய்யலாம்.

கல்லூரியில் படிப்பவர்கள் 2022 மார்ச் 1-ல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளைச் சும்மா 'அட்டெண்டன்ஸுக்கு' முடிக்காமல் உண்மையாகச் செய்யுங்கள். அங்கே செய்த ஒரு சின்ன ப்ராஜெக்ட்தான் நாளைக்கு நேர்காணலில் நீங்கள் பேசப்போகும் விஷயம்.

ஒரு வாரத்துக்கு முன்: ஃபைலைச் சரிபாருங்கள்

நன்றாகப் பதில் சொல்லியும் சான்றிதழில் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. அதனால் முதல் வேலை இது.

பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் ஒரு எழுத்தாக இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் வேறு மாதிரி இருக்கும். வேலை கிடைத்த பிறகு பி.எஃப். கணக்கு தொடங்கும்போது இது பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொள்வது நல்லது. நேர்காணலுக்குள் முடியாது என்றால் பரவாயில்லை. கேட்டால் "திருத்தத்துக்குக் கொடுத்திருக்கிறேன் சார்" என்று ஒப்புகைச் சீட்டைக் காட்டுங்கள்.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்குச் சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதிகாரிகள் சரிபார்த்து ஒப்புதல் தர நாள் ஆகும், ஆகவே கடைசி நாளில் ஓடாதீர்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ்வழிக் கல்விச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை இருக்கிறது.

டிஜிலாக்கர் செயலியில் மதிப்பெண் சான்றிதழ்களை இறக்கி வைத்துக்கொண்டால், மழையில் ஃபைல் நனைந்தாலும் கவலையில்லை. சான்றிதழ் தொலைந்துவிட்டதா? காவல் துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததைப் பதிவு செய்து, அந்த அறிக்கையோடு பள்ளி அல்லது கல்லூரியை அணுகி நகல் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒரிஜினலைக் காட்டுங்கள், ஜெராக்ஸைக் கொடுங்கள். "ஒரிஜினல் எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று ஒரு நிறுவனம் கேட்டால் ஏன், எத்தனை நாள் என்று கேளுங்கள். ஒரிஜினல் அவர்களிடம் மாட்டிக்கொண்டால் அதைவிட நல்ல வேலை வந்தாலும் உங்களால் நகர முடியாது.

நிறுவனத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்

"எங்க கம்பெனியைப் பத்தி என்ன தெரியும்?" இந்தக் கேள்வி வராத நேர்காணல் குறைவு. "பெரிய கம்பெனி, நல்ல கம்பெனி" என்று சொன்னால் நீங்கள் ஒன்றும் படிக்காமல் வந்திருக்கிறீர்கள் என்று புரிந்துவிடும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ராஜபாளையம் என்றால் நூற்பாலைகள். ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது 1936-ல், பி.ஏ.சி. ராமசாமி ராஜா காலத்தில். பக்கத்தில் சத்திரப்பட்டி சுற்றுவட்டாரம் முழுக்க மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவு. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் தொழில். இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. இந்த மாவட்டத்தில் ஜவுளி சார்ந்த வேலைக்குப் போகிறவர் இதையெல்லாம் ஒரு முறையாவது கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

மில்லில் சூப்பர்வைசர் அல்லது தரக்கட்டுப்பாடு வேலைக்குப் போகிறீர்களா? பஞ்சு எப்படி நூலாகிறது என்று வரிசையாகச் சொல்லத் தெரியட்டும். மிக்சிங், ப்ளோ ரூம், கார்டிங், ட்ராயிங், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங். "40-ஆம் நம்பர் நூல்னா என்ன?" என்று கேட்டால், ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட 40 சிட்டம் நூல் வரும், நம்பர் கூடக்கூட நூல் மெலிசாகும் என்று சொல்லத் தெரிந்தால் போதும். பி.எஸ்சி. வேதியியல் படித்தவரிடம் இதை எதிர்பார்க்க மாட்டார்கள்தான். எதிர்பார்க்காத இடத்தில் சொன்னால்தான் நினைவில் நிற்கும்.

இதற்குப் பெரிய புத்தகம் தேவையில்லை. நிறுவனத்தின் இணையதளம், வேலை விளம்பரத்தில் உள்ள பணி விவரம், அங்கே வேலை பார்க்கிற ஒரு அண்ணனிடமோ அக்காவிடமோ அரை மணி நேரப் பேச்சு. நம் ஊரில் எந்த மில்லை எடுத்தாலும் நம் தெருவில் ஒருவர் அங்கே வேலை பார்த்திருப்பார். அதுதான் நமக்கு இருக்கிற வசதி, பயன்படுத்துங்கள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க"

முதல் கேள்வி. சுலபமான கேள்வி மாதிரி தெரியும், நிறையப் பேர் தடுமாறுவதும் இங்கேதான். ஒரு உதாரணம் பார்ப்போம். சத்திரப்பட்டியைச் சேர்ந்த பி.காம். முடித்த ஒரு பெண், கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"வாம்மா, உட்காரு. உன்னைப் பத்திச் சொல்லு."

"தேங்க்யூ சார். என் பேர் இது சார். ஊர் சத்திரப்பட்டி. அப்பா விசைத்தறி, அம்மா பேக்கிங் வேலை. ஒரு தம்பி. டென்த், ப்ளஸ் டூ ஊர்லயே படிச்சேன். அப்புறம் பி.காம். எனக்குப் பாட்டு கேட்கப் பிடிக்கும்."

இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பெண்ணுக்குக் கணக்கு வேலை தெரியுமா என்பதற்கு ஒரு பதிலும் இல்லை. அதே பெண் இப்படிச் சொன்னால்?

"நான் பி.காம். முடிச்சிருக்கேன் சார். ஊர் சத்திரப்பட்டி. எங்க சித்தப்பா நாலு தறி வச்சிருக்காங்க. கடைசி வருஷம் படிக்கும்போதே அவங்க பில்லை எல்லாம் நான்தான் டேலியில ஏத்துவேன். மாசாமாசம் ஜிஎஸ்டி தாக்கலுக்கு ஆடிட்டர் ஆபீஸுக்கு விவரம் எடுத்துக் கொடுத்திருக்கேன். பில்லுல ஒரு எண் தப்பாப் போனா எவ்வளவு அலைச்சல்னு நேர்ல பார்த்ததால, கணக்கை ரெண்டு தடவை சரிபார்க்கிற பழக்கம் வந்துருச்சு. இதையே பெரிய அளவுல கத்துக்கணும்னுதான் இந்த வேலைக்கு விண்ணப்பிச்சேன்."

அதே ஊர், அதே குடும்பம், அதே படிப்பு. ஆனால் இரண்டாவது பதிலில் வேலை தெரிந்த ஒருவர் தெரிகிறார். வீட்டு வேலை, குடும்பத் தொழிலில் செய்த உதவி, கோவில் திருவிழாவில் கணக்கு எழுதியது, லீவில் கடையில் நின்றது எல்லாமே அனுபவம்தான். "எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் இல்ல சார்" என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

ஒன்று முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும்படி எழுதி, போனில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். மனப்பாடம் செய்தது போல் ஒலித்தால் வார்த்தைகளை மாற்றி இன்னொரு தடவை பேசுங்கள். மூன்றாவது தடவை சரியாக வரும்.

அனுபவக் கேள்விக்கு நாலு படி

"ஒரு கஷ்டமான சூழ்நிலையை எப்படிச் சமாளிச்சீங்க?", "டீமா வேலை செஞ்ச அனுபவம் சொல்லுங்க" போன்ற கேள்விகளுக்கு உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படும் ஒரு வழி உண்டு. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், பலன் என்ன. இந்த நாலையும் வரிசையாகச் சொன்னால் போதும்.

"காலேஜ்ல கண்காட்சி நடந்துச்சு (நிலைமை). எங்க துறைக்கு ஸ்டால் போடற பொறுப்பு எனக்கு (பொறுப்பு). முதல் நாள் ராத்திரி பந்தல்காரர் வரலை. நானும் நாலு பேரும் பக்கத்துத் துறையில மேஜை கேட்டு வாங்கி வகுப்பறையிலேயே வச்சோம் (செய்தது). ஒன்பது மணிக்கு மத்தவங்களோட சேர்ந்தே திறந்தோம் (பலன்)." இவ்வளவுதான். "நான்" எங்கே, "நாங்க" எங்கே என்று கவனமாகச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் நானே செய்தேன் என்றாலும் நம்ப மாட்டார்கள். எல்லாமே நாங்க என்றால் நீங்கள் செய்தது என்ன என்று தெரியாது.

"உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டால் "நான் ரொம்ப உழைப்பேன், அதுதான் பலவீனம்" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்திருக்கும். உண்மையான ஒன்றைச் சொல்லி, அதைச் சரிசெய்ய என்ன செய்துவருகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியலை சார், பார்த்துத் தெரிஞ்சுக்கிறேன்" என்பது கௌரவமான பதில்தான்.

ஊரைப் பற்றிக் கேட்டால்?

அரசுத் தேர்வு, வங்கி, பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் சொந்த ஊரைப் பற்றிக் கேட்பது வழக்கம். வெளியூர் நேர்காணலில் "ஸ்ரீவில்லிபுத்தூரா? பால்கோவா ஊரா?" என்று சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். அங்கே இருந்து பேச்சை நீங்கள் நகர்த்தலாம். பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆண்டாள் கோவிலின் ராஜகோபுரம் பதினொரு நிலை கொண்டது. மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில். பென்னிங்டன் நூலகம் 1875-ல் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் அமைந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ராஜபாளையத்துக்காரர்கள், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா உங்கள் ஊர்க்காரர் என்பதைச் சொல்லலாம். 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட இந்திய நாய் இனங்களின் தபால் தலைகளில் ராஜபாளையம் நாயும் ஒன்று. விருதுநகர் மாவட்டம் 1985-ல் ராமநாதபுரத்தில் இருந்து பிரிந்தது. முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலிலும் இருக்கிறது. இதில் நாலைந்து விவரம் தெரிந்தாலே, ஊரைக் கவனித்து வளர்ந்த ஆள் என்ற எண்ணம் வரும்.

இங்கிலீஷ் பயம்

நேர்மையாகப் பேசுவோம். சில வேலைகளுக்கு ஆங்கிலம் அவசியம். பல வேலைகளுக்கு, ஓரளவு புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் போதும். ஆங்கிலத்தில் கேட்டால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பதில் சொல்லுங்கள். இலக்கணம் தவறினாலும் நிறுத்தாமல் முடியுங்கள். முடியாத இடத்தில் "இதைத் தமிழில் விளக்கட்டுமா சார்?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. யுபிஎஸ்சி ஆளுமைத் தேர்விலேயே, முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் நேர்காணலிலும் தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார்.

தினமும் பத்து நிமிடம், அன்று நடந்ததை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடி முன்னாலோ, மொட்டை மாடியிலோ, யாரும் கேட்காத இடத்திலோ. ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

சம்பளம்: கைக்கு எவ்வளவு வரும்?

"சம்பளம் 17,000" என்று சொல்வார்கள். முதல் மாதம் வங்கியில் 13,000 சொச்சம்தான் விழும். ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றும். பெரும்பாலும் கணக்கு இதுதான்.

மாதச் சம்பளம் 15,000 ரூபாய், அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,447. நிறுவனமும் தன் பங்காக பி.எஃப்.புக்கு 1,440, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாக 488 கட்டுகிறது. இதையும் சேர்த்துச் சொன்னால் 16,928. இதைத்தான் சி.டி.சி. என்கிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது: "கைக்கு எவ்வளவு வரும் மேடம்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? ஹாஸ்டல், சாப்பாட்டுக்குப் பிடித்தம் உண்டா?" மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவ வசதி என்பதால் அந்த 113 ரூபாயை நஷ்டமாக நினைக்காதீர்கள். வேலையில் சேர்ந்த பிறகு பி.எஃப். கட்டப்படுகிறதா என்று உமாங் செயலியில் நீங்களே பார்க்கலாம்.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

"கல்யாணம் எப்போ?", "குழந்தை பெத்துக்கப் போறீங்களா?" போன்ற கேள்விகள் இன்னும் சில இடங்களில் வருகின்றன. வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கோபப்படாமல், "என் வேலையை அது பாதிக்காது சார், நீண்ட நாள் இங்க வேலை செய்யணும்னுதான் வந்திருக்கேன்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். சாதியைக் கேட்டாலும் அப்படியே. தனியார் வேலைக்கு அது தேவையில்லை.

வீட்டில் பயப்படுவது பெரும்பாலும் தங்கும் இடத்தையும் இரவு ஷிப்ட்டையும் நினைத்துத்தான். அந்தப் பயம் நியாயமானது. அதைத் தீர்க்கும் கேள்விகளை நீங்களே கேட்டுவிடுங்கள். ஹாஸ்டல் இருந்தால் அது தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2014-ன்படி பதிவு பெற்றதா? வீட்டுக்குப் போன் பேசவும் விடுமுறைக்குப் போகவும் தடை உண்டா? இரவு ஷிப்ட் உண்டா, கம்பெனி வண்டி வருமா? பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். பேறுகால விடுப்பு 26 வாரம். பிரச்சினை என்றால் மகளிர் உதவி எண் 181.

மாற்றுத்திறனாளிகள், தரைத்தளத்தில் நேர்காணல், சைகை மொழிபெயர்ப்பாளர் போன்ற தேவைகளை அழைப்பு வந்த அன்றே போனில் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொல்வதைவிட அவர்களுக்கும் உங்களுக்கும் வசதி.

நேர்காணல் அன்று

புது டிரஸ் வாங்கக் கடன் வாங்க வேண்டியதில்லை. துவைத்து அயர்ன் செய்த சட்டை, பேண்ட். பெண்களுக்குச் சேலையோ சுடிதாரோ, உங்களுக்கு எது வசதியோ அது. ஷூ இல்லையென்றால் சுத்தமான செருப்பு போதும்.

நேரம் முக்கியம். ராஜபாளையத்தில் இருந்து விருதுநகருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பத்து மணி நேர்காணலுக்கு எட்டு மணி பஸ் போதும் என்று நினைக்காதீர்கள், ஒரு பஸ் முன்னதாகவே ஏறுங்கள். செங்கோட்டை–விருதுநகர் ரயில் பாதை வழியாகப் போகிறவர்கள் ரயில் நேரத்தை முதல் நாளே பாருங்கள். ஆடிப்பூரத் தேர் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடப்பது எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் அழைப்பு வந்தால் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். நகரப் பேருந்தில் போகிற பெண்களுக்கு விடியல் பயணத் திட்டத்தில் கட்டணம் இல்லை.

உள்ளே போகும்போது வணக்கம் சொல்லுங்கள், உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். போனை சைலண்டில் அல்ல, அணைத்தே வையுங்கள். கேட்பவரின் முகம் பார்த்துப் பேசுங்கள். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனிடமும் ரிசப்ஷனில் இருப்பவரிடமும் எப்படிப் பேசினீர்கள் என்பதும் பல இடங்களில் கவனிக்கப்படும்.

ஆன்லைன் நேர்காணல் என்றால், முதலில் அந்தத் தேதியில் உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா பாருங்கள். சார்ஜ் முழுசாக இருக்கட்டும், இரண்டாவது சிம்மில் டேட்டா இருக்கட்டும். வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். போனைக் கையில் பிடிக்காமல் புத்தக அடுக்கின் மேல் கண் மட்டத்தில் வையுங்கள். வீட்டில் "ஒரு மணி நேரம் மிக்சி போடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் கேட்டால் அது வேலை இல்லை

பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எச்சரிக்கை. நேர்காணலே இல்லாமல் வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டர் வந்தாலும் எச்சரிக்கை. நேர்காணல் என்று சொல்லி ஓடிபி, வங்கி விவரம் கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம். தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி வேலையில் ஈடுபடுத்தப்பட்ட கொடுமை 2022-ல் வெளிவந்தது. அரசுகளின் முயற்சியால் மீட்கப்பட்டுத் திரும்பினார்கள். ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் போய் வேலைக்குச் சேரலாம் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால்?

ஐந்து நேர்காணலில் நாலில் கிடைக்காமல் போவது சகஜம். ஒவ்வொன்றும் முடிந்த உடனே, பஸ்ஸில் வரும்போதே, கேட்ட கேள்விகளையும் திணறிய இடத்தையும் போனில் குறித்து வையுங்கள். அடுத்த நேர்காணலுக்கு அதைவிட நல்ல கைடு கடையில் கிடைக்காது. முடிந்தால், "எதில் முன்னேறணும்னு சொல்ல முடியுமா மேடம்?" என்று நிறுவனத்துக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். சிலர் பதில் சொல்வார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீடு திரும்பியதும் முதல் கேள்வியாக "கிடைச்சதா?" என்று கேட்காமல் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

• அழைப்புக் கடிதம், முகவரி, தொடர்பு எண்
• ஒரிஜினல் சான்றிதழ்கள், இரண்டு செட் ஜெராக்ஸ்
• ஆதார், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் நாலு
• பயோடேட்டா மூன்று பிரதி, அதிகபட்சம் இரண்டு பக்கம்
• இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில், சில்லறை
• நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்
• உதவி எண்கள்: முதல்வரின் முகவரி 1100, சைபர் குற்றம் 1930, மகளிர் உதவி 181

நேர்காணலில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ஒரு தேவை இருக்கிறது, அவருக்கு நல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான் என்று அவருக்குப் புரிய வைக்கப் போகிறீர்கள். நிதானமாகப் போய் வாருங்கள். வாழ்த்துகள்!